செகாக் சோதனையும் சோர்ந்த பிள்ளையும்



உடல்நலம், உடற்தகுதி, உடற்தகுதிச் சோதனையில் பெறும் புள்ளி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. எனினும், பள்ளியில் இம்மூன்றையும் ஒன்றெனவே கருதிவிடுகிறோம். நலமாக இருக்கும் பிள்ளைகளைப் பொருத்தவரை இதனால் பெரிய இழப்பு ஏதும் இல்லை. ஆனால், நாள்பட்ட வலியோடும் தீராத சோர்வோடும் பள்ளிக்கு வருகின்ற பிள்ளைகளும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு பட்டத்தைப் பெற்றுத் தருகிறது. அந்தப் பட்டம் 'சோம்பேறி' என்பது.

உடற்தகுதிச் சோதனையை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வலியும் சோர்வும் உடைய பிள்ளையையும் அளக்கத்தான் வேண்டும். ஆனால், அப்பிள்ளைக்குப் பொருந்துகின்ற அளவுகோலைக் கொண்டு அளக்க வேண்டும். அந்த அளவுகோல் நம் கைக்கு எட்டிய தொலைவில்தான் இருக்கிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செகாக் எதை அளக்கிறது?

'செகாக்' எனப்படும் தேசிய உடற்தகுதித் தரச் சோதனை 2008ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. நான்காம் ஆண்டு தொடங்கி மாணவர்கள் இதில் பங்கேற்கின்றனர். உயரமும் எடையும் அளந்து உடல் எடைக் குறியீடு கணக்கிடப்படும். அதன்பின் நான்கு சோதனைகள் உண்டு. பெஞ்சின் மீது மூன்று நிமிடம் ஏறி இறங்குதல் முதலாவது. தண்டால் எடுத்தல் இரண்டாவது. மல்லாந்து படுத்தபடி தோளையும் மேல் முதுகையும் உயர்த்தி எழுதல் மூன்றாவது. கால்களை நீட்டி அமர்ந்து முன்னோக்கிக் கைகளால் எட்டுதல் நான்காவது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி வழங்கப்படும். மொத்தப் புள்ளி 20. அதற்கேற்பத் தரநிலை அமையும். இப்புள்ளிகள் 'பி.ஏ.ஜே.எஸ்.கே.' எனும் உடற்கல்வி, விளையாட்டு, புறப்பாட நடவடிக்கை மதிப்பீட்டிலும் சேர்கின்றன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டதால், பள்ளி அளவிலான இத்தகைய மதிப்பீடுகளைப் பெற்றோர்கள் முன்னிலும் கூர்ந்து பார்க்கின்றனர்.

இச்சோதனையில் குறையேதும் உண்டா எனக் கேட்டால், நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இஃது ஏற்ற சோதனையே. அதிகச் செலவு இல்லை. பெஞ்சு, விரிப்பு, அளவுகோல், நிறுத்துக் கடிகாரம் ஆகியவை போதும். சிறிய தோட்டப்புறப் பள்ளியும் இதை நடத்திவிடலாம்.

ஆனால், அதன் பிறப்பை நாம் அறிந்திருக்க வேண்டும். பெஞ்சில் ஏறி இறங்கி நாடித்துடிப்பை எண்ணும் முறை, 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லூசியன் பிரூஹா என்பாரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய சோதனையால் புகழ்பெற்றது. அவர்கள் பணியாற்றிய இடத்தின் பெயரே 'களைப்பு ஆய்வுக்கூடம்' என்பதாகும். 1927 முதல் 1947 வரை அந்த ஆய்வுக்கூடம் இயங்கியது. அப்பொழுது இரண்டாம் உலகப்போர்க் காலம். கடும் உழைப்பைத் தாங்கக்கூடிய இளைஞர் யாவர் என விரைந்து கண்டறிவதே அன்றைய தேவை. 20 அங்குல உயரப் பெஞ்சில் நிமிடத்திற்கு 30 முறை, ஐந்து நிமிடம் வரை ஏறி இறங்கச் சொன்னார்கள். இன்று நம் பிள்ளைகள் ஏறும் பெஞ்சின் உயரம் ஏறத்தாழ 30 செண்டிமீட்டர். நேரம் மூன்று நிமிடம். நிமிடத்திற்கு 24 முறை. கடுமை குறைந்திருக்கிறது, அடிப்படை மாறவில்லை. வலிமையுடையாரைத் தெரிவு செய்வதற்குப் பிறந்த முறை இது. நோயுற்றவரின் நிலையை அறிவதற்கென்று இது பிறக்கவில்லை.

நான்கு சோதனைகள், நான்கு தவறான முடிவுகள்

நலமற்ற பிள்ளையிடம் இந்த நான்கு சோதனைகளும் என்ன செய்கின்றன என ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெஞ்சு. மூன்று நிமிடத்தில் 72 முறை ஏறுகிறான் பிள்ளை. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 21 மீட்டர். ஏழு மாடிப் படிக்கட்டு. பின்னர் நாடித்துடிப்பு எண்ணப்படும். துடிப்பு குறைவாக இருந்தால் புள்ளி அதிகம். இரத்தச் சோகையுள்ள பிள்ளைக்கு உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவு. அதே அளவு உயிர்வளியைத் தசைகளுக்குக் கொண்டுசேர்க்க அப்பிள்ளையின் இதயம் கூடுதலாகத் துடித்தே ஆக வேண்டும். 5 முதல் 11 வயது வரையுள்ள சிறார்க்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச் சோகை என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அந்நிலையிலுள்ள பிள்ளைக்குச் சோதனைத் தாளில் விழும் எண் 1 அல்லது 2. 'ஓடியாடிப் பழகவில்லை' என்று நாம் முடிவுகட்டுகிறோம். குறையோ இரத்தத்தில் இருக்கிறது.

அடுத்தது தண்டால். சிறார்க்கும் மூட்டழற்சி வரும். 16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் காணப்படாமல், ஆறு வாரமும் அதற்கு மேலும் நீடிக்கும் மூட்டழற்சியை மருத்துவர்கள் சிறார் மூட்டழற்சி என்பர். மணிக்கட்டு வீங்கியுள்ள பிள்ளை உடலின் பாரத்தை அம்மணிக்கட்டின் மீது ஊன்றுகிறது. இரண்டு எடுத்ததும் நிறுத்திவிடுகிறது. நாம் அளந்தது தோளின் வலிமையை என்று நினைக்கிறோம். உண்மையில் அளந்தது மணிக்கட்டின் வலியை.

மூன்றாவது, படுத்து எழுதல். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பூப்பெய்திவிடும் மாணவியர் பலர். மாதவிடாய் நாளின் அடிவயிற்று வலியோடு சோதனைக்கு வந்து நிற்கும் மாணவி, ஆண் ஆசிரியரிடம் அதைச் சொல்லமாட்டாள். குறைந்த புள்ளியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவாள்.

நான்காவதுதான் வியப்புக்குரியது. சில பிள்ளைகளுக்கு மூட்டுகள் இயல்பைவிட மிகுதியாக வளையும். அப்படி வளைவதே அவர்களுள் சிலருக்கு முழங்கால் வலியாகவும் கணுக்கால் வலியாகவும் முதுகு வலியாகவும் மாறும். அத்தகைய பிள்ளை கால் நீட்டி அமர்ந்து முன்னோக்கி எட்டும் சோதனையில் மிக எளிதாக முழுப்புள்ளி பெற்றுவிடும். வலிக்குக் காரணமான ஒன்றிற்கே ஐந்து புள்ளி! 'இவ்வளவு நன்றாக வளைகிறாய், பிறகென்ன கால் வலி?' என்று கேட்பவர்களும் உண்டு.

காலை எட்டு மணியும் மறுநாளும்

சோதனை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதும் முடிவை மாற்றும்.

நம் ஊர் வெயிலைக் கருதி உடற்கல்விப் பாடத்தைக் காலையிலேயே வைக்கிறோம். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், மூட்டழற்சியுள்ள பிள்ளைக்குக் காலைப்பொழுதே கடினமானது. தூங்கி எழுந்ததும் மூட்டுகள் இறுகியிருக்கும். நேரம் செல்லச்செல்ல இளகும். காலை எட்டு மணிக்கு நொண்டிய பிள்ளை பத்தரை மணி ஓய்வு நேரத்தில் ஓடுவதைக் கண்டால், 'பாடத்திற்கு வலி, விளையாட்டுக்கு வலியில்லையா?' என்று கேட்கத் தோன்றும். அந்நோயின் இயல்பே அதுதான் என அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

தலசீமியா உள்ள பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான வகையில், இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரத்தம் ஏற்றிய வாரத்தில் அப்பிள்ளைக்கு ஓரளவு தெம்பிருக்கும். அடுத்த முறை ஏற்றுவதற்கு முந்தைய வாரத்தில் உடல் தளர்ந்திருக்கும். செகாக் தேதி எந்த வாரத்தில் விழுகிறது என்பதைப் பொருத்து ஒரே பிள்ளைக்கு இரண்டு தரநிலைகள் கிடைக்கலாம்.

இன்னொரு வகைச் சோர்வு உண்டு. உழைக்கும்போது பெரிதாகத் தெரியாது; அரை நாளோ ஒன்றிரண்டு நாளோ கழித்துப் படுக்கையில் வீழ்த்திவிடும். தீராக் களைப்பு நோய் எனப்படும் நோயின் தனி அடையாளமாகவே இதனை மருத்துவர்கள் கருதுகின்றனர். கோவிட் தொற்றுக்குப் பின் நீண்ட நாள் துன்பப்பட்டவர்களுள் பலரும் இவ்வாறு கூறியுள்ளனர். இத்தகையோரிடம் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். முதல் நாள் மிதிவண்டிப் பொறியில் முழு ஆற்றலுடன் மிதிக்கச் செய்து மூச்சுக்காற்றை அளந்தனர். 24 மணி நேரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தனர். நலமுள்ளவர்களும், வெறுமனே உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களும் இரண்டு நாளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டினர். இந்நோயுள்ளவர்களுள் பலருக்கோ இரண்டாம் நாள் அளவு சரிந்தது. முதல் நாளை மட்டும் பார்த்திருந்தால் 'ஒன்றுமில்லை' என்றே அனுப்பியிருப்பார்கள்.

இதைப் பள்ளியில் செய்து பார்க்கக் கூடாது. அப்பிள்ளைக்கு அது கேடு விளைவிக்கும். ஆயினும் அதிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். சோதனை நாளில் பெற்ற எண் பாதி உண்மை. மீதிப் பாதி மறுநாள் காலையில் தெரியும். சோதனைக்கு மறுநாள் யார் பள்ளிக்கு வரவில்லை என நம் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததுண்டா?

தோட்டத்து அளவுகோல்

ஆசிரியர் சொல்வதற்கு முன்பே, பெற்றோரே பிள்ளையைச் சோம்பேறி என்றழைப்பதும் உண்டு. இதன் வேரை அறிய நம் தோட்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

இந்நாட்டின் ரப்பர் வரலாறு நம் மலாக்கா மாநிலத்தில்தான் வணிக வடிவம் பெற்றது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் அதை விரிவுபடுத்தினார். அதன்பின் எழுந்த தோட்டங்களில் தமிழர் உடலை அளந்த அளவுகோல் ஒன்றுதான்: மரத்தின் எண்ணிக்கை. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். கொடுத்த நிரையை வெட்டி முடிக்க வேண்டும். பாலைச் சேர்த்து ஸ்டோரில் கொட்ட வேண்டும். குளிர்காய்ச்சலும் கொக்கிப்புழுவும் தோட்டங்களில் மலிந்திருந்த காலம் அது. இரண்டும் இரத்தத்தை வற்றச் செய்பவை. சோகை பிடித்த உடலோடு நிரையை முடிக்க முடியாதவருக்குக் கிடைத்தது குறைந்த கூலியும் வசைச்சொல்லும்தான்.

இந்த அளவுகோலின் கீழ் வாழ்ந்த நம் முன்னோர் வலியை மறைக்கக் கற்றுக்கொண்டனர். தாங்கிக்கொள்வதே பெருமை என ஆயிற்று. அப்பெருமை பொய்யன்று. 1967ஆம் ஆண்டில் தோட்டத் துண்டாடலை எதிர்த்து புக்கிட் அசகான் தொழிலாளர்கள் கோலாலம்பூர் வரை நடந்தே சென்ற வரலாற்றை நாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். இன்று தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டது. நம்மவர்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துள்ளனர். ஆயர் குரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலைகளில் மணிக்கணக்காக நின்று வேலை செய்யும் தாய்மார்கள் இருக்கின்றனர். இடுப்பு வலிக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இரவு வேலைக்குப் புறப்படும் தாய், 'கால் வலிக்குதும்மா' என்னும் மகளிடம், 'நாங்க படாத வலியா? எழுந்து போ' என்கிறார். அச்சொல்லில் வன்மம் இல்லை. தாம் பெற்ற ஒரே மருந்தைத் தம் பிள்ளைக்கும் கொடுக்கிறார்.

ஆனால், அந்த மருந்து இப்பிள்ளைக்குப் பொருந்தாது. கவனிக்கப்படாத மூட்டழற்சி மூட்டையே சிதைத்துவிடும். காலத்தோடு கண்டறிந்தால் கட்டுப்படுத்தும் மருந்துகள் இன்று உண்டு. தாங்கிக்கொண்டு கழியும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான்.

மருத்துவர்கள் எப்படி அளக்கிறார்கள்?

நலமற்றவரின் உடற்தகுதியை அளக்கவே முடியாது என்பதில்லை. மருத்துவமனைகளில் நாள்தோறும் அளக்கிறார்கள். அவர்களிடமிருந்து மூன்று செய்திகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, ஆறு நிமிட நடை. இதயமும் நுரையீரலும் நலிந்தவர்களைச் சமதளமான நடைவழியில் ஆறு நிமிடம் நடக்கச் செய்து, கடந்த தொலைவை அளப்பர். இதற்கான முறையான வழிகாட்டியை அமெரிக்க மார்பியல் கழகம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு விதி. நடப்பவர் விரும்பினால் வேகத்தைக் குறைக்கலாம், நிற்கலாம், இளைப்பாறலாம், பிறகு தொடரலாம். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே இளைப்பாறுவது தோல்வியாகக் கருதப்படுவதில்லை.

இரண்டு, சிரமத்தைக் கேட்டறிதல். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் போர்க், உழைப்பவர் உணரும் சிரமத்தை எண்ணால் குறிக்கும் அளவுகோலை உருவாக்கினார். அவரது அளவுகோல் ஒன்று 6 முதல் 20 வரை. இந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் நலமுள்ள இளையோரின் நாடித்துடிப்புக்கு ஏறத்தாழ நெருங்கி வரும். சிறார்க்கென்று, மிதிவண்டியில் மேடேறும் பிள்ளையின் படங்களோடு 0 முதல் 10 வரையிலான அளவுகோல் ஒன்றும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருவர் ஒரே தொலைவு நடக்கிறார்கள். ஒருவர் 3 என்கிறார். மற்றவர் 9 என்கிறார். தொலைவு ஒன்றாக இருந்தாலும் இருவரின் உடல்நிலை ஒன்றல்ல என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

மூன்று, வலியைக் கேட்டறிதல். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2008ஆம் ஆண்டில் வலியை 'ஐந்தாவது உயிர்க்குறி' என அறிவித்து அரசு மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தியது. உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் 0 முதல் 10 வரை கேட்டுத் தாதியர் குறித்துக்கொள்கின்றனர். செகாக் நடைமுறைக்கு வந்ததும் அதே 2008ஆம் ஆண்டில்தான். மருத்துவமனையில் தாதி கேட்கும் அந்த ஒரு கேள்வி, பள்ளித் திடலின் சோதனைத் தாளில் இடம்பெறவில்லை.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய கருத்தாக இருக்காது. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயுற்றவர், நோய், காலம் ஆகிய மூன்றின் அளவையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்யச் சொல்லியுள்ளார். செகாக் தாளில் ஓர் அளவுதான் இருக்கிறது.

வலியும் சோர்வும் ஒன்றல்ல

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 'நோய் இருக்கிறதா? உட்கார்ந்துகொள்' என்று எல்லாரையும் மரநிழலில் அமர்த்திவிடுவது தீர்வாகாது. நோயுள்ள மாணவரைச் சோதனையிலிருந்து விலக்க வழியுண்டு. ஆனால், விலக்கப்பட்டவரை ஆண்டு முழுவதும் பைகளுக்குக் காவலாக உட்கார வைத்தால், உள்ள வலிமையும் தேய்ந்துபோகும். நாள்பட்ட வலிகள் பலவற்றுக்கு அளவான இயக்கமே மருந்து. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான 'நைஸ்' 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட நாள்பட்ட வலிக்கான வழிகாட்டியில் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்துள்ளது. மூட்டழற்சியுள்ள சிறார்க்கும் பொருத்தமான பயிற்சி நன்மையே தருகிறது.

அதே அமைப்பு, அதே 2021ஆம் ஆண்டு அக்டோபரில், தீராக் களைப்பு நோய்க்கு அதுவரை வழங்கப்பட்டு வந்த 'படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி' முறையை இனி வழங்க வேண்டாம் எனக் கூறியது. உழைப்புக்குப் பின் நிலை மோசமாகும் நோயில், நாளுக்கு நாள் பயிற்சியைக் கட்டாயமாகக் கூட்டுவது தீங்காகலாம் என்பதே காரணம். ஆக, ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகலாம். எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆசிரியரின் பணி நோயைப் பெயரிடுவதன்று. கண்டதை ஒழுங்காகக் குறித்துக் கொடுப்பதே.

நாம் செய்யக்கூடியது

இதற்கு அமைச்சின் புதிய சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செகாக் தாள் அதன்பாட்டுக்கு இருக்கட்டும். வலியோ சோர்வோ தொடர்ந்து இருக்கும் பிள்ளைக்கு மட்டும் சிறு குறிப்பேடு ஒன்றைத் தொடங்கலாம். அதில் மூன்று கட்டங்கள் போதும்.

முதல் கட்டம்: இன்று செய்தது என்ன? எத்தனை நிமிடம் நடந்தாள், எத்தனை முறை ஏறினாள்?

இரண்டாம் கட்டம்: எவ்வளவு சிரமம், எவ்வளவு வலி? 0 முதல் 10 வரை பிள்ளையே சொல்லட்டும்.

மூன்றாம் கட்டம்: மறுநாள் காலை எப்படி எழுந்தாள்? இதைப் பெற்றோர் எழுத வேண்டும்.

நான்கு வாரம் இப்படிக் குறித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு மாணவி முதல் வாரம் 20 முறை ஏறி, சிரமம் 8 என்று சொல்லி, மறுநாள் பள்ளிக்கு வரவில்லை என வைத்துக்கொள்வோம். நான்காம் வாரம் 12 முறையே ஏறினாள். சிரமம் 4 என்றாள். மறுநாள் பள்ளிக்கும் வந்தாள். செகாக் கணக்கில் இது வீழ்ச்சி. பிள்ளையின் வாழ்க்கைக் கணக்கில் இது முன்னேற்றம். அவளை அவளது சென்ற வாரத்தோடு ஒப்பிட வேண்டும். பக்கத்து வரிசைப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

எண்ணோடு சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். இதில் நம் தமிழ் நமக்குப் பெருந்துணை. வலி என ஒரே சொல்லோடு நிற்காமல் குடைச்சல், குத்தல், கடுப்பு, இழுப்பு, நோவு எனப் பிரித்துச் சொல்லும் வளம் நம் மொழியில் உண்டு. களைப்பு, அசதி, அலுப்பு, சோர்வு ஆகியவையும் ஒன்றல்ல. ஓடியபின் வருவது களைப்பு; தூங்கி எழுந்தும் தீராமல் இருப்பது அசதி. பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டினால் மருத்துவருக்குப் பல கேள்விகள் மிச்சமாகும்.

குறிப்பேட்டை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம். நோய் அப்பிள்ளைக்கு உரிய செய்தி, ஊருக்குரியதன்று. முடிந்தால், அப்பிள்ளைக்குரிய சோதனையைக் காலையில் அல்லாமல் சற்றுப் பிந்தி நடத்துங்கள். மாணவியரின் சோதனையின்போது ஆசிரியை ஒருவர் உடனிருப்பது நல்லது.

'நடிக்கிறார்களே' என்றால்?

ஆசிரியர்கள் சிலர் இப்படிக் கேட்கலாம்: 'இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் நலமாக இருக்கும் பிள்ளைகளும் வலி என்று நடிக்கமாட்டார்களா?' நியாயமான கேள்விதான். சோதனைக்குப் பயந்து வயிற்றுவலி என்னும் பிள்ளைகள் எக்காலத்திலும் உண்டு.

அதற்கும் விடை அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஒரு நாள் நடிப்பது எளிது. நான்கு வாரம், பள்ளியிலும் வீட்டிலும், இருவேறு பெரியவர்கள் எழுதும் குறிப்புகளில் ஒரே ஒழுங்கோடு நடிப்பது மிகவும் கடினம். அதோடு, ஒரு நல்ல நாளில் பிள்ளை ஓடி விளையாடியதை மட்டும் வைத்து, வலியே இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இவ்வகை நோய்கள் ஏறி இறங்கும் இயல்புடையவை. ஓடியதைப் பார்த்த நாம், மறுநாள் அப்பிள்ளை எழுந்த கோலத்தைப் பார்த்திருக்கமாட்டோம்.

இரு பக்கமும் நிறுத்துப் பாருங்கள். நடித்த பிள்ளையை நம்பிவிட்டால் நமக்கு இழப்பு ஓர் உடற்கல்விப் பாடவேளை. உண்மையாகவே நலமற்ற பிள்ளையை நம்பாவிட்டால், அப்பிள்ளைக்கு ஒரு மூட்டே போகலாம். அதைவிடக் கொடிது ஒன்றுண்டு: தன் உடல் சொல்வதைப் பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்று அது கற்றுக்கொண்டுவிடும்.

பெற்றோர்களுக்கு

வளரும் பிள்ளைகளுக்கு மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களிலும் வலி வருவதுண்டு. காலையில் எழுந்ததும் அது போய்விடும், பிள்ளை நொண்டாது. பெரும்பாலும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், காலையில் நொண்டுதல், மூட்டு வீக்கம், ஒரே இடத்தில் நீங்காத வலி, தொடரும் காய்ச்சல், எடை குறைதல், ஏறி இறங்கும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வருதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் தைலத்தோடு நின்றுவிடாதீர்கள். அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளிறிய முகமும் ஓயாத அசதியும் இருந்தால் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலை உணவோடு தேத்தண்ணீர் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கும். சாப்பாட்டு வேளையை விட்டுத் தள்ளிக் கொடுப்பது நல்லது.

மருத்துவர் கூறியதைப் பள்ளிக்குத் தெரியப்படுத்துங்கள். 'சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள்' என்ற அச்சம் பலருக்கு உண்டு. சொல்லாமல் விட்டால் ஆசிரியர் சோதனைத் தாளிலுள்ள எண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். சோம்பேறி என்ற பட்டம் அங்கேதான் பிறக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியில், நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பரிந்துரைகளைச் சேர்த்துள்ளது. சிறிதளவு இயங்குவதும் இயங்காமலே இருப்பதைவிட மேல் என்பது அதன் சாரம். அந்தச் 'சிறிதளவு' ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடும். அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது உடற்கல்வி ஆசிரியர் செய்யக்கூடிய அரிய தொண்டு.

பெரட்டுக் களத்தில் மரத்தை எண்ணி மனிதரை அளந்த காலம் முடிந்துவிட்டது. நம் பள்ளித் திடலுக்கு அந்த அளவுகோல் வேண்டாம். அடுத்த செகாக் சோதனைக்கு முன், உங்கள் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்காவது அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கிப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதனைப் பேசுங்கள்.